நம் பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் வாரங்களில் நம் ஆலயங்களில் மாணவர்களுக்கான சிறப்பு வழிபாடு நடைபெறுவதை மெய்யன்பர்கள் அறிவீர்கள். பிள்ளையார் சந்நிதியில் ஒரு தாம்பாளம் நிறையப் பேனாக்கள் இருக்கும். அர்ச்சனைச் சீட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் எழுதியிருக்கும். அர்ச்சனை முடிந்து, திருநீறு பூசி, பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வரும் பிள்ளையிடம், "தேர்வு முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "ரிசல்ட் வரட்டும் அங்கிள், அப்புறம் பார்க்கலாம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

தேர்வு முடிவு வந்த பிறகுதான் வாழ்க்கைப் பாதை தொடங்குகிறது என்று பிள்ளை நினைக்கிறது. பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். உதவி செய்ய முன்வரும் நாமும் அவ்வாறே எண்ணுகிறோம். உண்மை வேறு. பேனா அந்தத் தாம்பாளத்தில் வைக்கப்படும் நாளுக்கு முன்பே, அப்பிள்ளை போகக்கூடிய வழிகளில் பல அடைபட்டுவிடுகின்றன. சிலவற்றைப் பாட அமைப்பு அடைக்கிறது. சிலவற்றை வீடு அடைக்கிறது. பலவற்றைப் பிள்ளை தானே, யாருக்கும் சொல்லாமல், பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அடைத்துக்கொள்கிறது. இடைநிலைப்பள்ளி மாணவரின் தொழில் விருப்பத்தை உருவாக்குபவை எவை, அவற்றில் ஆலயமும் அறநிலையமும் செய்யக்கூடியது என்ன என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணில் பட்டதே கனவாகும்

நம் சமூகத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். மலாயாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் வாழும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளிகள் தோன்றின. ஆனால், அப்பள்ளியில் படித்த பிள்ளையின் கண்ணுக்கு எட்டிய தொழில்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். பால்மரம் வெட்டுவோர், வெளிக்காட்டு வேலை செய்வோர், கங்காணி, பிள்ளைக் கொட்டகை ஆயா, லாரி டிரைவர், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், பள்ளி வாத்தியார், ஆபீஸ் கிராணி. இவர்கள் எல்லாருக்கும் மேலே பங்களாவில் துரை. துரை ஆவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளையின் கனவு கிராணி வரை ஏறி, அங்கேயே நின்றது. அப்பிள்ளைக்கு அறிவு குறைவா? ஆசை குறைவா? இரண்டும் இல்லை. கண்ட தொழில்கள் அவ்வளவே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாக மாறியும் நம் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. பட்டணத்திலும் பிள்ளையின் பார்வை தான் வாழும் தெருவின் அளவுக்கே விரிந்தது. அந்தத் தெரு எங்கே இருந்தது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் வர்த்தக வட்டாரம் தொடங்கி, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் 1989-இல் அமைந்தது. பக்கத்து வீட்டு அக்காள் சீருடையுடன் தொழிற்சாலைப் பஸ் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 'டெக்னீஷியன்', 'எஞ்சினியர்' என்பவை வீட்டில் புழங்கும் சொற்களாயின. அதே வயதில், தூரத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் வாழ்ந்த பிள்ளைக்கு அவை பாடநூலில் வரும் சொற்கள் மட்டுமே. இருவருக்கும் மதிப்பெண் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

அறிஞர்கள் கூறுவது

இந்த அனுபவ உண்மையை ஆய்வாளர்களும் தத்தம் வழியில் கூறியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், தொழில்களைக் கழித்துக்கட்டுகிறார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். 3 முதல் 5 வயதுக்குள், வேலை என்பது பெரியவர்களுக்கு உரியது என்று பிள்ளை உணர்கிறது. 6 முதல் 8 வயதுக்குள், 'இது ஆண்பிள்ளை வேலை, இது பெண்பிள்ளை வேலை' என்று பிரித்து ஒரு பாதியைத் தள்ளிவிடுகிறது. 9 முதல் 13 வயதுக்குள், 'இது மட்டமான வேலை, இது நம்மால் எட்ட முடியாத வேலை' என்று கீழேயும் மேலேயும் கோடு கிழிக்கிறது. 14 வயதுக்குப் பிறகுதான், 'எனக்கு எது பிடிக்கும்?' என்ற கேள்வியே எழுகிறது. அதற்குள் மிச்சம் இருப்பவை கொஞ்சம். ஒரு முறை கழித்ததை யாரேனும் தூண்டாமல் பிள்ளை தானாகத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் அரிது.

ஜான் ஹாலண்ட் என்ற மற்றோர் அறிஞர், தொழில் விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்தார்: கைவேலையும் கருவியும் விரும்புவோர், ஆராய்ச்சி விரும்புவோர், கலை விரும்புவோர், பிறருக்கு உதவ விரும்புவோர், முன்னின்று நடத்த விரும்புவோர், ஒழுங்கும் கணக்கும் விரும்புவோர். பள்ளிகளில் ஆலோசனை ஆசிரியர்கள் தரும் விருப்பக் கேள்வித்தாள்கள் பல இவ்வகைப்பாட்டை ஒட்டியவை. நல்ல கருவிதான். ஆனால் தான் கேள்விப்படாத தொழிலை எந்தப் பிள்ளையும் விரும்ப முடியாது என்பதை நாம் மறக்கலாகாது. துரியானைச் சுவைத்தே அறியாதவனிடம், உனக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று கேட்டால் அவன் பட்டியலில் துரியான் இருக்குமா?

இது நம் இனத்துக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 2018-இல் நடந்த அனைத்துலக பீசா ஆய்வில், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று 15 வயது மாணவர்களிடம் கேட்கப்பட்டது. 2020-இல் வெளியான அறிக்கையின்படி, ஆண்பிள்ளைகளில் 47 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 53 விழுக்காட்டினரும் வெறும் 10 தொழில்களுக்குள்ளேயே தங்கள் எதிர்காலத்தைக் கண்டார்கள். உலகில் ஆயிரக்கணக்கான தொழில்கள் உண்டு. பாதிப் பிள்ளைகளின் கண்ணில் படுபவை பத்து.

வீட்டின் குரல்

பிள்ளையின் விருப்பத்தை உருவாக்குவதில் முதலிடம் வீட்டுக்கே. நம் வீடுகளில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. நன்றாகப் படித்தால் டாக்டர். நன்றாகப் பேசினால் லாயர். இரண்டும் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று. இதில் பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. தோட்டத்தில் மதிப்போடு நின்றவர்கள் டிரெசரும் கிராணியும். பட்டணத்தில் நம்மவருக்காகப் பேசியவர்கள் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும். அந்த நன்றியும் மரியாதையுமே இந்தச் சட்டத்தின் வேர்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. 2016 டிசம்பரில் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் அரசாங்கப் பணியில் சேர்க்கும் முறை வந்தது. 2021 ஜூலை 26-ஆம் நாள், பணி நிரந்தரமும் மேற்படிப்பு வாய்ப்பும் கேட்டு நாடு முழுவதும் ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதை நாம் பார்த்தோம். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை மருத்துவம் படிக்க அனுப்பும் குடும்பம் இதை அறிந்துதான் அனுப்புகிறதா? மருத்துவம் உயர்ந்த பணி. அதற்கென்றே பிறந்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் இரத்தத்தைக் கண்டால் மயங்கும் பிள்ளையும், நாளெல்லாம் படம் வரையும் பிள்ளையும், பழைய மின்விசிறியைப் பிரித்துப் பூட்டும் பிள்ளையும் அதே வாசலில் வரிசையில் நிறுத்தப்படுவதுதான் வருத்தத்துக்குரியது. அங்கே இடம் கிடைக்காத பிள்ளை, தான் வாழ்க்கையிலேயே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

சுவாமிமலைத் தலத்தின் கதையை நாம் அறிவோம். பிரணவத்தின் பொருளை மகன் கூற, உலகுக்கெல்லாம் தந்தையாகிய சிவபெருமான் கைகட்டி, வாய்பொத்தி, தலை தாழ்த்திக் கேட்டார். அதனால் முருகனுக்குச் சுவாமிநாதன் என்று பெயர். பிள்ளை சொல்வதைத் தந்தை கேட்பது தந்தையின் பெருமைக்குக் குறைவு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மாதம் ஒருமுறை, மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், "உனக்கு எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருந்தால் போதும்.

மதிப்பும் வெட்கமும்

வீட்டுக்கு அடுத்தது ஊரின் பேச்சு. கல்யாண மண்டபத்தில், "மகன் என்ன செய்கிறான்?" என்ற கேள்விக்குத் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய விடைகள் சிலவே என்று நாம் வைத்திருக்கிறோம். ஏர்கண்டிஷன் பழுது பார்க்கிறான், வெல்டிங் செய்கிறான், சமையல் கலை படிக்கிறான் என்றால், கேட்டவர் "ஓ, சரி" என்று பேச்சை மாற்றிவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுத் தம்பி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். காட்ஃபிரெட்சன் சொன்ன கோடு அங்கேதான் கிழிக்கப்படுகிறது.

நம் சமயம் அப்படிக் கோடு கிழிக்கவில்லை. அறுபத்துமூவர் திருவுருவங்களை வரிசையாக வைத்து வணங்கும் ஆலயங்களில் ஒரு நாள் பிள்ளையை அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்தவர் என்று சொல்லிக் காட்டுங்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். அதிபத்தர் கடலில் மீன் பிடித்தவர். நேசர் துணி நெய்தவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். கலியர் எண்ணெய் வணிகம் செய்தவர். இவர்களோடு அதே வரிசையில் அரசர்களும் நிற்கிறார்கள். எல்லார்க்கும் ஒரே தீபாராதனை.

நாட்டின் சட்டமும் இன்று கைத்தொழிலுக்குப் படிக்கட்டு அமைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் தகுதிகள் ஐந்து நிலை கொண்டவை. முதல் மூன்று நிலை சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. ஆக, வெல்டிங் கற்கப் போகும் பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் போகவில்லை. வேறொரு படிக்கட்டில் ஏறுகிறான். இதைத் தெரிந்து சொல்வோர் அருகில் இருந்தால், மதிப்பெண் குறைந்த பிள்ளை மனம் உடைந்து நிற்காது. மதிப்பெண் நிறைந்த பிள்ளையும் விருப்பமிருந்தால் வெட்கப்படாமல் அப்பக்கம் போகலாம்.

பதினைந்து வயதில் ஒரு முடிவு

பள்ளியில் மிக முக்கியமான கட்டம் படிவம் 3-இன் முடிவு. முன்பு பி.எம்.ஆர். மதிப்பெண்ணைப் பார்த்து அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்று பிரித்தார்கள். பி.எம்.ஆர். 2013-ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன் இடத்தில் வந்த பி.டி.3 2022-இல் நீக்கப்பட்டது. பிரிவுகளுக்குப் பதிலாக, படிவம் 4-இல் விருப்பப் பாடங்களின் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை 2020-இல் வந்தது. இதனால் மாணவருக்குச் சுதந்திரம் கூடியது. கூடவே பொறுப்பும் கூடியது.

பதினைந்து வயதுப் பிள்ளை கூடுதல் கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிட்டால், பொறியியலுக்குப் போகும் நேர்வழி அடைபடுகிறது. உயிரியலையும் இரசாயனத்தையும் விட்டால், மருத்துவம், மருந்தியல் ஆகியவற்றின் வாசல் மூடுகிறது. மாறாக, கணக்கியலும் கலைக்கல்வியும் விரும்பும் பிள்ளை, மற்றவர் பேச்சுக்காக அறிவியல் பாடங்களை எடுத்து ஈராண்டு தத்தளிப்பதும் உண்டு. இந்த முடிவை அவர்கள் எப்படி எடுக்கிறார்கள்? "என் பிரண்ட் அதைத்தான் எடுக்கிறாள்", "அந்த டீச்சர் கண்டிப்பானவர்", "அந்தப் பாடம் கஷ்டமாம்" என்பவையே பல நேரங்களில் காரணங்கள். பாரம் வீட்டுக்கு வருகிறது. பெற்றோருக்கு விளங்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். வாழ்க்கையின் ஒரு பெரிய திருப்பம் ஒரு மாலைப்பொழுதில், சாப்பாட்டு மேசையில் முடிந்துவிடுகிறது.

ஆலோசனை ஆசிரியர்கள் உழைக்கவில்லை என்று கூறவில்லை. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு இடையே ஒவ்வொருவருக்கும் அவர்களால் எவ்வளவு நேரம் தர இயலும்?

'என்னால் முடியுமா?'

1994-இல் லென்ட், பிரவுன், ஹாக்கெட் என்ற மூன்று ஆய்வாளர்கள், தொழில் விருப்பத்தின் நடுவில் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை இருக்கிறது என்று விளக்கினார்கள். இந்நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா 1977-இலேயே கூறியிருந்தார். சொந்தமாகச் செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து வெல்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், பதற்றமின்றி இருக்கும் மனநிலை ஆகிய நான்கே அதன் ஊற்றுகள்.

இவற்றுள் இரண்டாவதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'தன்னைப் போன்ற ஒருவர்'. தொலைக்காட்சியில் தோன்றும் விஞ்ஞானி பிள்ளைக்கு வியப்பைத் தரலாம், நம்பிக்கையைத் தருவதில்லை. தன் தமிழ்ப்பள்ளியிலேயே படித்து, தன்னைப் போலவே மலாய் மொழியில் தடுமாறி, பின்னர் ஒரு விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பராகவோ நில அளவையாளராகவோ ஆன ஒருவரை நேரில் கண்டால், 'இவரால் முடிந்தது என்றால்' என்று பிள்ளையின் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது.

அத்தகையவர்களை எங்கே தேடுவது? வெள்ளிக்கிழமை மாலை நம் ஆலய மண்டபத்தைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். தீபாராதனைக்குக் கைகூப்பி நிற்கும் கூட்டத்தில் தாதியர் இருக்கிறார், ஆய்வுக்கூட உதவியாளர் இருக்கிறார், கணக்காய்வாளர் இருக்கிறார், துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவர் இருக்கிறார், கணினி நிரல் எழுதுபவர் இருக்கிறார், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர் இருக்கிறார். எந்த ஆலோசனை நூலிலும் இல்லாத தொழில் அகராதி அது. பிரசாதம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் நின்ற படிவம் 2 மாணவி, தன் அருகில் நின்றவர் யார் என்று அறியாமலேயே போகிறாள்.

நாம் செய்யத்தக்கவை

கல்விக்கு வாரி வழங்கும் மனம் நம் நன்கொடையாளர்களுக்கு என்றும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைக்குக் கட்டணம் செலுத்தும் அந்த அறம் தொடர வேண்டும். ஆனால் அந்த உதவி, வாசல் வரை வந்து சேர்ந்துவிட்ட பிள்ளைக்கே போய்ச் சேர்கிறது. வழியிலேயே திரும்பிவிட்ட பிள்ளை மனுப் போடுவதில்லை. ஆகவே அதன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்பிள்ளையையும் எட்டுவதற்குச் சில எளிய வழிகள் உள்ளன.

முதலாவது, ஆண்டுக்கு இரு மாலைகள் தொழில் அறிமுகக் கூட்டம் நடத்தலாம். அது படிவம் 5 மாணவருக்காக அன்றி, படிவம் 1 முதல் 3 வரை உள்ளவர்களுக்காக நடக்க வேண்டும். மேடையும் பொன்னாடையும் நீண்ட உரையும் வேண்டாம். பத்துப் பாய்களை விரித்து, பாய்க்கு ஒரு தொழிலர் என்று அமர்ந்து, ஐந்தாறு பிள்ளைகளோடு கால் மணி நேரம் பேசினால் போதும். நேற்றுக் காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள், இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், பள்ளியில் எந்தப் பாடம் உதவியது, தொடக்கச் சம்பளம் எவ்வளவு, இதில் பிடிக்காதது என்ன என்று பிள்ளைகள் கேட்கட்டும். ஒளிவுமறைவின்றி விடை சொல்லுங்கள்.

இரண்டாவது, பள்ளி விடுமுறையில் ஒரு நாள், பெற்றோர் சம்மதத்துடன், சிறு குழுவாகப் பிள்ளைகளை வேலையிடத்துக்கு அழைத்துச் சென்று காட்டலாம். தொழில் நடத்தும் அன்பர்கள் இதற்கு முன்வரலாம்.

மூன்றாவது, படிவம் 3 பிள்ளைகள் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் பருவத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர் ஆலய மண்டபத்தில் ஒரு மேசை போட்டு அமரலாம். பாரத்தோடு வரும் பெற்றோருக்கு, எந்தப் பாடம் எந்த வாசலைத் திறக்கும் என்று தமிழில் சொல்லித்தரலாம்.

நான்காவது, உதவித்தொகையில் ஒரு சிறு பகுதியை முன்கூட்டியே கொடுக்கலாம். கூடுதல் கணிதத்துக்கு ஓராண்டு டியூஷன், நேர்காணலுக்குச் செல்லப் பஸ் கட்டணம், தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும்போது வேண்டிய காலணியும் கருவியும் ஆகியவை சிறு தொகைகளே. இல்லாத வீட்டில் அந்தச் சிறு தொகையே பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தகப்பன் வருமானம் போதாத வீட்டில், பதினேழு வயது மகன் உடனே சம்பளம் தரும் வேலைக்குப் போவதை 'விருப்பம்' என்று எழுதுவது பொருந்தாது.

ஐந்தாவது, பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒரே பாய்களை விரியுங்கள். மின்பணி செய்யும் பெண்ணையும் தாதியர் பணி செய்யும் ஆணையும் அழைத்து அமரச் செய்யுங்கள்.

இதெல்லாம் கோயில் வேலையா என்று சிலர் கேட்கலாம். அன்னதானத்தில் பசித்தவர் வருமுன்னே உலை வைக்கிறோம். வந்த பிறகு அரிசி தேடுவதில்லை. கல்வித்தானத்துக்கும் அந்த முறையே பொருந்தும்.

இறுதியாக ஒன்று. பிள்ளைகள் எல்லாரும் பெரிய பதவிக்குப் போய்விட வேண்டும் என்பது நம் வேண்டுதல் அன்று. லாரி ஓட்டுநரின் மகன் ஐம்பது தொழில்களைக் கண்டு, கேட்டு, சிந்தித்த பின், "அப்பாவின் தொழிலையே எடுத்து, இரண்டு லாரியை நாலாக்குவேன்" என்றால் அது அவன் தேர்ந்தெடுத்த வாழ்க்கை. வேறொன்றையும் காணாமல் அதே இருக்கையில் ஏறி அமர்ந்தால், அது அவனுக்கு நேர்ந்த வாழ்க்கை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க நம்மால் இயலும்.

அடுத்த முறை பிள்ளையார் சந்நிதியில் பேனாவை வைத்து வணங்கும் பிள்ளையைக் காணும்போது, உங்கள் தொழில் என்னவென்று அதற்குச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஒரு சொல்லும் தானமே. எல்லாம் வல்ல இறைவன் நம் இளைய தலைமுறைக்கு நல்வழி காட்டி அருள்வாராக.